ஆறாவது புள்ளி

முன்பள்ளிக் கதிரைகள் எங்களுக்குச் சின்னன்.
முழங்கால் நாடியில் முட்டப் பன்னிரண்டு பேர்.
நாலு டிமைத் தாளை ஒட்டி நிலத்தில் விரித்து
உப்பாற்றைக் கீறத் தொடங்கினோம்.
எழுத்து வடிவாம் என்று
மாக்கரை என்னிடம் தந்திருந்தார்கள்.

முதற் சண்டை வடக்குக்கு.
பள்ளிவாசல் பார்க்கிற பக்கத்திலிருந்து பிடி என்றார் ஜவ்பர் நானா.
பாலத்திலிருந்து பிடி என்றாள் தவமலர்.
யன்னல் சீலையைக் கச்சான் உள்ளே தள்ளியது.
சரி, அதுதான் மேற்கு.
பிறகு எல்லாம் தன்பாட்டில் இடத்துக்கு வந்தன:
ஐஸ் கொம்பனி, வள்ளம் ஏற்றுகிற மணல் திட்டி,
கண்டல் இருக்கிற கரை,
கண்டல் இருந்த கரை.
இரண்டுக்கும் ஒரே பச்சை நிறம்தான் கிடைத்தது.
இருந்ததைப் புள்ளி புள்ளியாய்ப் போட்டேன்.

சனிக்கிழமை நடந்து பார்த்தோம்.
போனில் நீலப்புள்ளி எங்களைக்
கடலின் நடுவில் நிறுத்தியிருந்தது.
முட்டளவு சேற்றில் நின்று
நாங்கள் மூழ்கிவிட்டதைப் பார்த்துச் சிரித்தோம்.
உப்பு அளக்கிற கருவி ஒன்றே ஒன்று.
குழந்தையைப் போலக் கை மாறிக் கை மாறி வந்தது.
ஒரு அடிக்கட்டையின் முன்னால் எல்லோரும் நின்றோம்.
இது பார்வைக்கு மறைக்குதென்று சண்டைக்குள் வெட்டினதா,
கடல் வந்த வருசம் விழுந்ததா,
இறால் குளத்துக்காரர் வேலையா?
படிவத்தில் 'காரணம்' என்ற பெட்டி
தீப்பெட்டியளவுதான்.
லோகிதன் மூன்றையும் எழுதினான்,
எறும்பு எழுத்தில்.

ஐந்து இடம் முடிவாயிற்று.
மாதம் இரு தடவை, வற்றில் ஒருக்கா, பெருக்கில் ஒருக்கா.
ஆர் எந்தக் கிழமை, ஆருடைய தோணி,
டீசலுக்கு ஆர் காசு. இதில்தான் பாதி நாள் போனது.

பிறகு மட்டி.
றகுமத்தும்மா அதுவரை வாய் திறக்கவில்லை.
மட்டியைக் கண்ணால் தேடுவதில்லை அவள்;
இடுப்பளவு தண்ணீரில் நடப்பாள்,
பெருவிரல் சொல்லும்.
எங்கே என்று கேட்டு
நான் மாக்கரைக் கொண்டுபோன இடத்தில்
உள்ளங்கையை வைத்து மறைத்தாள்.

"இதக் கீறாதீங்க.
நாவல் மரத்தடிய முந்தி ஒரு கூட்டம் கீறிக்கொண்டு போச்சு.
ஆறு மாசத்தில வேலி வந்திட்டு."

லோகிதன் விடவில்லை.
கீறாவிட்டால், நாளைக்கு அது அழிந்தாலும்
அழிந்தது என்று காட்ட என்ன இருக்கு?
"காட்டி?" என்றாள்.
விசிறி சத்தம் போட்டுச் சுற்றியது.
இரண்டு பேரும் சொன்னது சரி.
மாக்கர் மை தாளில் ஊறி ஒரு வட்டமாகிக்கொண்டிருந்தது,
சும்மா பிடித்துக்கொண்டிருந்த இடத்தில்,
வேறெங்கோ, தாளின் ஓரத்தில்.

தவமலர்தான் வழி கண்டாள்.
இடம் வேண்டாம். நேரத்தை மட்டும் சொல்லுங்கள்.
ஒரு கூடை நிரம்ப எவ்வளவு நேரம்?
அதை எழுதுவோம்.
படத்தில் இல்லாத ஆறாவது புள்ளி.

வைகாசி: ஒன்றரை மணித்தியாலம்.
ஆனி: இரண்டே கால்.
ஆடி: மூன்று, கூடை நிரம்பவில்லை.
இடம் என்ற பெட்டியில் ஒவ்வொரு முறையும்
நான் ஒரு சிறிய கோடு கீறினேன்.
உப்பு, நிறம், செத்த மீன், பிளாஸ்டிக் போத்தல்
எல்லாக் கணக்கையும் விட
அந்தக் கோடுகளைத்தான் எல்லோரும் முதலில் பார்த்தார்கள்.

ஆவணிக் கூட்டத்தில் அவள் நேரம் சொல்லவில்லை.
ஈரம் காயாத காலோடு வந்து
தாளின் பக்கத்தில் குந்தி
மாக்கரைத் தா என்று கை நீட்டினாள்.
மூடியைக் கழற்றினாள்.
கரையோரமாகக் காற்றில் ஒருதரம் கொண்டுபோனாள்.
திரும்ப மூடி என்னிடம் தந்தாள்.

"அடுத்த கூட்டம் எப்ப?" என்றாள்.